அத்தியாயம் 6: தீபாவளிக்குள் போட வேண்டிய கையெழுத்து

சிவகாசியில் அடுத்த வருஷத்துத் தினசரிக் காலண்டருக்கு ஆடிப்பெருக்கு அன்றே ஆல்பம் வெளியாகிவிடும். ஜனவரி பிறக்க ஐந்து மாதம் இருக்கும்போதே வெளியூர்க் கடைக்காரர்கள் படத்தைத் தேர்ந்தெடுத்து, கீழே கடைப்பெயர் போடச் சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கார்த்திகையில் வருகிறவருக்கும் காலண்டர் கிடைக்கும். அவர் கேட்கிற முருகன் படம் அப்போது மிச்சம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் பெரிய கல்லூரிகள் பலவற்றில் இருக்கும் ‘எர்லி டெசிஷன்’ என்பது ஏறக்குறைய இந்த ஆடி ஆர்டர்தான். மற்றவர்கள் ஜனவரியில் விண்ணப்பிக்கும்போது நீங்கள் நவம்பர் 1-ஐ ஒட்டியே விண்ணப்பித்துவிடுகிறீர்கள். மற்றவர்களுக்கு மார்ச் கடைசியில் முடிவு வரும், உங்களுக்கு டிசம்பர் நடுவில் வந்துவிடும். முந்தி வருகிறவருக்கு இடம் கொஞ்சம் தாராளமாகவும் இருக்கும். ஆனால் காலண்டர் வியாபாரி விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஆர்டர் கொடுக்கிறார். எர்லி டெசிஷனில் விலை பிறகுதான் தெரியும், கையெழுத்து முதலில்.

ஆனைக்குட்டத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா திண்ணையில் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகள் போனில் வந்த படிவத்தைத் தமிழில் சொல்கிறாள்.

“கையெழுத்துப் போட்டா போட்டதுதானா?”

“ஆமாம்மா. அவங்க சேத்துக்கிட்டா வேற எங்கயும் போகக் கூடாது. மத்த காலேஜுக்குப் போட்டதை எல்லாம் வாபஸ் வாங்கிறணும்.”

“துட்டு எவ்வளவு கேப்பாகன்னு சொல்லிட்டாகளா?”

“அது சேத்துக்கிட்ட பொறவுதான் தெரியும்.”

“இது என்னடி, கூலியச் சொல்லாம அட்வான்ஸ வாங்க வச்ச மாதிரி இருக்கு?”

அந்த அம்மாவுக்குப் புரிந்த அளவு நகரத்துப் பட்டதாரிகள் பலருக்குப் புரிவதில்லை. தீபாவளிக்குப் பிறகோ வேலை திறக்கும்போதோ முன்பணம் வாங்கியவர், அது கழியும்வரை அந்த ஆலையை விட்டுப் போக முடியாது என்பது பட்டாசு வட்டாரத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். எர்லி டெசிஷனும் ஆளைக் கட்டிப்போடுகிற ஏற்பாடுதான். இந்த அத்தியாயம் முழுக்க அந்த அம்மா கேட்ட கேள்விக்கான பதில்தான்.

நம் பிள்ளைகளுக்கு ஏன் இது குழப்புகிறது

நமக்குத் தெரிந்த சேர்க்கை என்றால் கட்-ஆஃப்தான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. நுழைவுத்தேர்வை எடுக்க 2006-இல் சட்டம் வந்தது முதல் பொறியியலுக்கு இதுதான் கணக்கு. விண்ணப்பத்தை முதல் நாள் போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் 187.5 என்பது 187.5-தான். கலந்தாய்வில் ஒரு கல்லூரி கிடைத்தாலும், அதை வைத்துக்கொண்டு மேலே நகரக் காத்திருக்கிறேன் என்று சொல்ல வழி இருக்கிறது. யாரும் நம்மிடம் சத்தியம் வாங்குவதில்லை.

அமெரிக்கக் கல்லூரிக்கு மதிப்பெண்ணோடு வேறு ஒரு கவலையும் உண்டு: இடம் கொடுத்தால் இந்தப் பிள்ளை வருமா? இடம் கொடுத்த பிள்ளைகளில் பாதிப்பேர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் வகுப்பு நிறையாது, பட்ஜெட் உதைக்கும். கட்டாயம் வருவேன் என்று எழுதிக் கொடுக்கிற பிள்ளையை அதனால்தான் அவர்களுக்குப் பிடிக்கிறது. பல கல்லூரிகள் வகுப்பில் பாதியை இந்த வழியிலேயே நிரப்பிவிடுகின்றன. கிறிஸ்டஃபர் ஏவரியும் இன்னும் இருவரும் 2003-இல் ‘தி எர்லி அட்மிஷன்ஸ் கேம்’ என்று ஒரு நூல் எழுதினார்கள். முந்தி விண்ணப்பிப்பதால் வரும் அனுகூலம் எஸ்.ஏ.டி. தேர்வில் சுமார் 100 மதிப்பெண் கூடுதலாக எடுத்ததற்குச் சமம் என்பது அவர்கள் கண்டது.

அந்த 100-ஐ அப்படியே உங்கள் கணக்கில் வரவு வைத்துவிடாதீர்கள். முந்தி விண்ணப்பிக்கிற கூட்டத்தில் அந்தக் கல்லூரியே தேடிப் பிடித்த விளையாட்டு வீரர்கள் இருப்பார்கள், அங்கேயே படித்தவர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் சேர்க்கை விகிதம் அவ்வளவு உயரமாகத் தெரிகிறது.

இந்த முறை வசதியானவர்களுக்குச் சாதகம் என்ற குற்றச்சாட்டு அமெரிக்காவிலேயே உண்டு. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-இல் இதையே காரணமாகச் சொல்லி முன்கூட்டிய சேர்க்கையைக் கைவிட்டன. மற்ற கல்லூரிகள் பெரும்பாலும் பின்தொடரவில்லை. 2011-இல் இரண்டும் திரும்பக் கொண்டுவந்தன. ஆனால் பிரின்ஸ்டன் பழைய கட்டுப்பாட்டோடு வரவில்லை. முந்தி விண்ணப்பிக்கலாம், கட்டுப்பட வேண்டியதில்லை என்ற வகைக்கு மாறிக்கொண்டது.

மூன்று வகை, மூன்றும் வேறு

‘எர்லி’ என்று தொடங்குகிற எல்லாம் ஒன்றில்லை. எர்லி டெசிஷன் கட்டுப்படுத்தும். இந்த வழியில் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் என்று மூன்று கையெழுத்து. அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், பிரௌன், பௌடன் இந்த வகை. சில கல்லூரிகளில் ஜனவரியில் இரண்டாவது சுற்றும் உண்டு. அதன் முடிவு பிப்ரவரியில் வரும், கட்டுப்பாடு அதே கட்டுப்பாடுதான்.

எர்லி ஆக்‌ஷன் கட்டுப்படுத்தாது. முடிவு மட்டும் சீக்கிரம் வரும். மே 1 வரை யோசித்துப் பதில் சொல்லலாம். எம்.ஐ.டி. இந்த வகை. மூன்றாவது, ஹார்வர்டும் யேலும் பிரின்ஸ்டனும் வைத்திருப்பது: முந்தி விண்ணப்பிப்பதானால் எங்களிடம் மட்டும் விண்ணப்பி, வேறு தனியார் பல்கலைக்கழகத்துக்கு முந்திப் போடாதே, ஆனால் இடம் கிடைத்தால் வந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. பெண் பார்க்க வருவதற்கும் பரிசம் போடுவதற்கும் உள்ள தூரம் இவற்றுக்குள் இருக்கிறது.

பிரிட்டனில் வேறு கதை. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் அக்டோபர் 15-தான் கடைசி நாள். ஒரே வருஷத்தில் இரண்டுக்கும் போட முடியாது. கட்டுப்பாடு அவ்வளவே. இந்தியப் பிள்ளைகளுக்கு அங்கே முழு உதவித்தொகை அரிது என்பதால் இந்த நூலில் அதை விரித்து எழுதவில்லை.

யார் போடலாம்

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். வாரக்கூலிக் குடும்பத்துப் பிள்ளை எர்லி டெசிஷன் போடுவதானால், குடும்பத்தால் முடிந்தது போக மீதி முழுவதையும் தருவதாக உறுதி சொல்லும் கல்லூரிக்கு மட்டும் போடுங்கள். மற்றவற்றுக்குப் போடாதீர்கள். எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி.

காரணம், தனியார் கல்லூரிகளில் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 90,000 டாலரை நெருங்கிவிட்டது. டாலர் 85 ரூபாய் என்றால் 76 லட்சம். அதில் 60 விழுக்காடு உதவித்தொகை என்று கடிதம் வந்தால் ஊரில் ஃப்ளெக்ஸ் வைத்துவிடுவார்கள். மீதி 30 லட்சத்தை நான்கு வருஷமும் யார் கட்டுவது?

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், பௌடன், பிரௌன் போன்ற ஒரு சில இடங்கள் வெளிநாட்டு மாணவர்களையும் பணம் கேட்கிறார்களா இல்லையா என்று பார்க்காமலே தேர்ந்தெடுக்கின்றன. எடுத்தபின் தேவையை முழுவதும் ஈடுகட்டுகின்றன. இன்னொரு வகை, எடுப்பதற்கு முன் நம் பணத்தேவையைப் பார்க்கும், எடுத்துவிட்டால் முழுவதும் தரும். இந்த இரண்டாம் வகையில் வெளிநாட்டவருக்கு ஒதுக்கிய தொகை கொஞ்சம்தான், அதனால் முந்திப் போவதில் அர்த்தம் இருக்கிறது. மூன்றாவது வகை எடுக்கும், பாதி தரும். அந்த வகைக்குத்தான் கையெழுத்துப் போடக் கூடாது.

எந்தக் கல்லூரி எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஏஜென்ட் தேவையில்லை. உதவித்தொகை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். குடும்ப வருமானம் இவ்வளவு, வீட்டில் இத்தனை பேர், சொத்து இது. எர்லி டெசிஷனில் எடுத்தால் தேவை முழுவதையும் தருவீர்களா, விமான டிக்கெட்டும் மருத்துவக் காப்பீடும் அதில் அடங்குமா, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு உத்தேசத் தொகை சொல்ல முடியுமா என்று நான்கு வரி. பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

படிவத்திலேயே ஒரு கதவும் இருக்கிறது. உதவித்தொகை கேட்டிருந்து, கிடைத்த தொகையால் படிக்க முடியாது என்றால் இடத்தை மறுத்துவிட்டு விடுபடலாம். இதைத் தைரியத்துக்காகச் சொல்கிறேன், வழியாக அல்ல. இந்தக் கதவு வழியே வெளியே வருகிற பிள்ளை டிசம்பர் கடைசியில் நிற்கும். மற்ற கல்லூரிகளுக்குக் கட்டுரைகளைத் தயாராக எழுதி வைத்திருந்தால் ஒழிய, பத்து நாளில் எதுவும் நடக்காது.

வருமானத்தைக் காட்டுவது

இந்த வட்டாரத்தில் விண்ணப்பம் இடறி விழுகிற இடம் இதுதான். அமெரிக்கப் படிவம் வருமான வரிக் கணக்கு கேட்கும், சம்பளச் சீட்டு கேட்கும். நமக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கையில் கூலி. பீஸ் ரேட் வேலைக்கு வாரத்துக்கு வாரம் தொகை மாறும். தீபாவளி முடிந்தால் சில வாரம் ஆலை திறக்காது. இடி மின்னல் என்றால் அன்றைய வேலை நின்றுவிடும். ஆய்வில் உரிமம் நிறுத்தப்பட்டால் மாதக்கணக்கில் சும்மா இருக்க வேண்டும். 2018 அக்டோபரில் பட்டாசு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஆலைகள் மூடிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இதில் நம்முடைய வருமானச் சான்றிதழ் ஒரு வேடிக்கை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருஷ வருமான வரம்பு வெகுநாள் ரூ.72,000 ஆக இருந்தது. 2022-இல்தான் 1,20,000 ஆனது. அதனால் தெருவில் பாதிப்பேரின் சான்றிதழில் 72,000 என்றே இருக்கும். அண்ணன் தம்பி இருவருக்கும் 72,000, மாமனுக்கும் 72,000. உள்ளூரில் இதை யாரும் கேட்பதில்லை. அமெரிக்கக் கல்லூரியின் மேசையில், வாரம் 6,000 வருகிறது என்று எழுதிய படிவமும் வருஷம் 72,000 என்ற சான்றிதழும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், எது பொய் என்று அவர்கள் யோசிப்பார்கள்.

அதனால் முதலில் ஒரு நோட்டை எடுங்கள். உதாரணத்துக்கு, அப்பா லோடு வேலை, வாரம் ரூ.4,000. அம்மா சரம் பின்னுகிறார், சராசரியாக வாரம் ரூ.2,200. இரண்டும் 6,200. வருஷத்தில் வேலை நடந்த வாரம் 46. அப்படியானால் 2,85,200. தீபாவளி போனஸ் 15,000 சேர்த்தால் 3,00,200. டாலரில் 3,500 சொச்சம். இந்தத் தொகைக்கே சான்றிதழ் வாங்குங்கள். கூடுதலாகக் காட்டினால் உதவி குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். 850 டாலருக்கும் 3,500 டாலருக்கும் அந்த அலுவலகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டு தாளில் இரண்டு தொகை இருப்பதுதான் வித்தியாசம்.

வாங்கிய முன்பணத்தை வருமானத்தில் சேர்க்காதீர்கள், அது கடன். நகைக் கடனும் சுயஉதவிக் குழுக் கடனும் அப்படியே. வரிக் கணக்குத் தாக்கல் செய்யாதவர்களுக்கு, தாக்கல் செய்யவில்லை என்று எழுதிக் கொடுக்கத் தனிப் படிவம் இருக்கிறது. அதோடு ஆலை மேலாளரிடம் ஒரு கடிதம், பி.எஃப். பிடித்தம் இருந்தால் அந்தச் சீட்டு, வங்கிப் பாஸ்புக் நகல். சிறப்புச் சூழ்நிலை என்று ஒரு பெட்டி படிவத்தில் வரும். வேலை நின்ற வாரங்களையும் அதற்கான காரணத்தையும் அதில் நாலு வரியில் எழுதுங்கள். பட்டாசுத் தொழில் என்றால் என்ன, ஏன் மழைக்கு மூடுவார்கள் என்று படிக்கிறவருக்குத் தெரியாது.

பெயர் என்ற சிக்கல்

மா. முத்துச்செல்வி என்று பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் முத்துச்செல்வி மாரிமுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, பெயர்க் கட்டத்தில் எல்லாவற்றையும் போட்டிருப்பார்கள். அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவருக்கு முதல் பெயர் ‘எஃப்.என்.யூ.’ என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். நான்கு வருஷமும் வகுப்பில் ஆசிரியர் ‘ஃப்னூ’ என்று கூப்பிடுவார்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே அப்பா பெயரை அல்லது அம்மா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் முழுதாக எழுதிவிடுங்கள். பிறகு காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளம், எஸ்.ஏ.டி. பதிவு, ஆங்கிலத் தேர்வு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. விருதுநகர் மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது, சாதாரணக் கட்டணம் ரூ.1,500. போலீஸ் விசாரணைக்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் ஆலையில் இருக்கும் நேரத்தில் வந்துவிட்டுப் போய்விட்டால் இன்னும் சில வாரம்.

பள்ளியிடம் கேட்க வேண்டியது

படிவத்தில் ‘பள்ளி ஆலோசகர்’ என்று வரும் இடத்தில் நம் ஊரில் தலைமை ஆசிரியர்தான். அவர் இதற்கு முன் இப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை, கூட உட்கார்ந்து செய்யுங்கள். பள்ளியின் பெயரில் மின்னஞ்சல் முகவரி ஒன்று, ஒன்பது முதல் பிளஸ் ஒன் வரை மதிப்பெண் பட்டியல், பள்ளியைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு: எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடத்திட்டம், எத்தனை பேர் கல்லூரி போகிறார்கள். இந்த ஒரு பக்கம் இல்லாமல் உங்கள் 92 விழுக்காட்டுக்கு அங்கே பொருள் தெரியாது.

பிளஸ் டூ மதிப்பெண் மே மாதம்தான் வரும் என்பதால் நவம்பரில் அவர்கள் பார்ப்பது பத்தாம் வகுப்பையும் பிளஸ் ஒன்னையும்தான். 2017-18-இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. இனிப் பள்ளி தரும் மதிப்பெண்தான் சாட்சி. பொதுத்தேர்வு இல்லை என்று பிளஸ் ஒன்னை ஏனோதானோவென்று எழுதுகிற பிள்ளை இந்தக் கதவைத் தானே சாத்திக்கொள்கிறது. காலாண்டு மதிப்பெண்ணையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றாவது கையெழுத்து தலைமை ஆசிரியருடையது என்பதை அவருக்கு விளக்குங்கள். ஒரு பிள்ளை வாக்குக் கொடுத்துவிட்டு வேறு கல்லூரிக்குப் போனால், அந்தப் பள்ளியிலிருந்து அடுத்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கும் அது கெட்ட பெயர்.

கட்டுரையில் பட்டாசு

சிவகாசிப் பக்கம் என்றதும் யாராவது ஒரு வழிகாட்டி விபத்தைப் பற்றி எழுது என்பார். படிக்கிறவர் கண் கலங்கிவிடுவார், இடம் உறுதி என்பார். கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் நடந்திருந்து, எழுதாமல் இருக்க முடியவில்லை என்றால் அது வேறு. பக்கத்துத் தெரு மரணத்தை விண்ணப்பத்தில் ஒட்டுவது அசிங்கம். படிக்கிறவருக்கும் அது தெரிந்துவிடும்.

கையால் தொட்டது எதுவோ அதை எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் இத்தனை குழாய் உருட்டலாம் என்று அம்மாவோடு போட்டி போட்டது. அலுமினியப் பொடி ஒட்டிய அப்பா கையில் சோற்றை வாங்கச் சின்ன வயதில் மாட்டேன் என்றது. பச்சை நிறத்துக்குப் பேரியம் போடுவார்கள், அதற்குத் தடை வந்தபின் எப்படிப் பச்சை வரவைக்கிறார்கள் என்று வேதியியல் டீச்சரைத் துளைத்தது. இதில் ஒன்று போதும், 650 வார்த்தை தாராளமாக வந்துவிடும். ஏன் இந்தக் கல்லூரி என்று தனியே ஒரு சின்னக் கட்டுரை கேட்பார்கள். கட்டுப்படுகிறேன் என்று சொல்கிறவரிடம் காரணம் கேட்பது நியாயம்தானே. அதற்கு அந்தக் கல்லூரியின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போட்டாலும் பொருந்துகிற கட்டுரையை அனுப்பாதீர்கள்.

அக்டோபர் உங்களுடையது இல்லை

2024-இல் தீபாவளி அக்டோபர் 31. விண்ணப்பத்தின் கடைசி நாள் நவம்பர் 1. அந்த வருஷம் முந்தி விண்ணப்பித்த பிள்ளை யாராவது நம் பக்கத்தில் இருந்திருந்தால், ஊரே சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த வாரத்தில் அப்பாவைப் பிடித்துக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். 2026-இல் தீபாவளி நவம்பர் 8. அப்போதும் அக்டோபர் முழுவதும் ஓவர்டைம்தான். ஐப்பசி மழைக்கு மின்சாரம் போகும், சிக்னல் போகும். தாலுகா அலுவலகத்தில் ஆள் இருந்தால் சர்வர் இருக்காது.

எனவே அக்டோபரைக் கணக்கிலேயே சேர்க்காமல் திட்டம் போடுங்கள். கோடை விடுமுறையில் பாஸ்போர்ட். ஆகஸ்ட் 1 அன்று காமன் ஆப்பில் புதிய வருஷத்துப் படிவம் திறக்கும். அந்த வாரமே வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதியுங்கள், கட்டணம் ரூ.60. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று அது நகர வேண்டும். ஆங்கிலத் தேர்வும், கல்லூரி கேட்டால் எஸ்.ஏ.டி.யும் செப்டம்பருக்குள். கொரோனாவுக்குப் பின் எஸ்.ஏ.டி. வேண்டாம் என்றிருந்த எம்.ஐ.டி. 2022-இல் மீண்டும் கட்டாயமாக்கியது. 2024-இல் டார்ட்மவுத், யேல், பிரௌன், ஹார்வர்ட் எல்லாம் ஏதோ ஒரு தேர்வு வேண்டும் என்று திரும்பிவிட்டன. விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு; தலைமை ஆசிரியர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் போதும்.

நாட்டுக்குள்ளும் முந்தலாம்

இந்தியாவில் இப்படிக் கட்டிப்போடுகிற சேர்க்கை எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை. ஆனால் முந்தி விண்ணப்பிக்கிற சுற்று உண்டு. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் பொதுச் சுற்றுக்கு முன்பே ஒரு சேர்க்கைச் சுற்று நடத்துகிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணம், விடுதி, சாப்பாடு வரைக்கும் உதவி தருகிறது. அரியானா சோனிபட்டில் உள்ள அசோகா பல்கலைக்கழகமும் பல சுற்றுகளாகவே எடுக்கிறது, தேவைக்கேற்ற உதவித்தொகையும் உண்டு. நோட்டில் போட்ட அதே வருமானக் கணக்கு, அதே கட்டுரை, அதே பள்ளிக் கடிதம் இங்கேயும் பயன்படும். என்னைக் கேட்டால் அமெரிக்க விண்ணப்பம் போடுகிற ஒவ்வொருவரும் இவற்றில் ஒன்றையாவது சேர்த்துப் போட வேண்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு வார்த்தை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தை அரசே கட்டுகிறது. கையில் இப்படி ஒன்று இருக்கும்போது 30 லட்சம் கடனுக்கு அமெரிக்கா போவது சாமர்த்தியம் ஆகாது.

டிசம்பரில் வரும் மூன்று பதில்

ஏற்றுக்கொண்டோம் என்று வந்தால் உதவித்தொகைக் கடிதத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும். கல்லூரி தருவது எவ்வளவு, குடும்பம் தர வேண்டியது எவ்வளவு, மாணவர் வேலை செய்து சம்பாதிக்க வேண்டியது எவ்வளவு, இதில் கடன் என்று ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். தொகை சரியில்லை என்றால் உடனே எழுதிக் கேளுங்கள், நோட்டின் நகலோடு. சரி என்றால் மற்ற விண்ணப்பங்களை அன்றே திரும்பப் பெறுங்கள், இந்தியப் பல்கலைக்கழகங்கள் உட்பட. பிறகு விசா. மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர், இரண்டும் சேர்ந்து 45,000 ரூபாய். இதைக் கல்லூரி தருமா என்று முன்னமே கேட்டிருக்க வேண்டும். 2025 மே கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய தேதி கொடுப்பதை அமெரிக்கா நிறுத்தி, ஜூனில்தான் மறுபடி தொடங்கியது. விசா வராமல் போனால் கொடுத்த வாக்கை வைத்து யாரும் உங்களைப் பிடிக்கப் போவதில்லை. மே மாதம் தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்குப் பதிந்து வைப்பதானால் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதிச் சொல்லிவிட்டுப் பதியுங்கள்.

தள்ளிவைத்தோம் என்று வந்தால் மார்ச் சுற்றில் மறுபடி பார்ப்பார்கள், நீங்கள் கட்டிலிருந்து விடுபட்டீர்கள். அரையாண்டு மதிப்பெண்ணை அனுப்புங்கள். இல்லை என்று வந்தால் அந்தக் கல்லூரிக்கு அந்த வருஷம் மறுபடி போட முடியாது. இரண்டிலும் ஜனவரி 1-ஐ ஒட்டி மற்ற கல்லூரிகளின் கடைசி நாள் நிற்கிறது. இடையில் இருப்பது இரண்டே வாரம், அதிலும் பாதி அரையாண்டுத் தேர்வு.

2026-இல் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை. அன்றைக்கு நோட்டைத் திறந்து, முதல் பக்கத்தில் அப்பா அம்மாவின் வாரக்கூலியை எழுதிவிடுங்கள்.